பிஸ்கட் டின் மூடியில் ஐந்து நிறம்

என் ஐயாவுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட முழுதாக இல்லை. நீ பம்பாயில் ரயிலேறுவதற்கு முன்னால் இது உன் கையில் கிடைத்துவிட வேண்டும் என்று அவசரமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அவசரம் எங்கோ போய்விட்டது. "ஊருக்கு வர்ற பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய காயிதம், வந்ததும் நேர்ல சொல்ல வேண்டியதுதான" என்று உன் அப்பா கேட்டுவிட்டுப் போனார். நேரில் என்றால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், நான் கண்ணைத் துடைக்க முந்தானையைத் தேடுவேன். காகிதத்தில் என்றால் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்க முடியாது. அதனால் விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். ஒன்பது வருஷமாக எனக்காக நீ ஒரு உண்மையை மறைத்து வைத்திருந்தாய். அது போன மாதம் எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு நன்றி சொல்லவும், உன்னிடம் ஒன்று கேட்கவும்தான் இந்தக் கடிதம். பெற்றவள் பிள்ளைக்கு நன்றி சொல்வது நம் பக்கத்து வழக்கமில்லை என்று எனக்கும் தெரியும். வழக்கமில்லாததை நீயும் நானும் சேர்ந்து எவ்வளவோ செய்திருக்கிறோம்.

நீ பிறந்தபோது நம் வீட்டில் நான்கு தறி. அருப்புக்கோட்டையில் நம் தெருவில் கோழி கூவுவதற்கு முன்னால் தறி கூவும் என்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் எல்லாம் தார் சுற்ற உட்காருவீர்கள். குறுக்கே ஓடுகிற ஊடை நூலைச் சின்னக் குச்சியில் சுற்றி, தறியில் அங்குமிங்கும் ஓடுகிற நாடாவுக்குள் தறிக்காரர் வைக்கத் தோதாகத் தருவது பிள்ளைகள் வேலை. உன் கை வேகமான கை. ஆனால் அரக்குத் தாரையும் இலைப்பச்சைத் தாரையும் ஒரே கூடையில் கலந்து போட்டுவிடுவாய். ஒரு நாள் அந்தி மங்கலில், தறிக்காரர் கூடையிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துப் போட்டு நெய்ய, அரக்குச் சேலையில் நாலு விரல் அகலத்துக்குப் பச்சை ஏறிவிட்டது. உன் அப்பா உன்னை இழுத்து நிறுத்தினார். "ஏலே, வெளையாட்டா ஒனக்கு? இது என்ன கலரு, சொல்லு" என்று பச்சைத் தாரை மூக்குக்கு நேரே நீட்டினார். நீ தாரைப் பார்த்தாய், அவர் முகத்தைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். "அரக்கு" என்றாய். வீம்பு பிடித்த பிள்ளை என்று அடி விழுந்தது. நானும் வீம்பு என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு நீ ஒரு தடவைகூடத் தப்புச் செய்யவில்லை. சாயப்பட்டறையிலிருந்து நூல் சிட்டம் வந்து இறங்கும்போதே "எது எதும்மா?" என்று விளையாட்டுப் போல என்னிடம் கேட்டுக்கொண்டு, அரக்குச் சிட்டங்களின் நுனியில் மட்டும் ஒரு முடிச்சுப் போட்டுவைப்பாய். முடிச்சைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. என் பிள்ளை எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறான் பார் என்று பக்கத்து வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

பள்ளி இறுதிப் பரீட்சை முடிந்து ரயில்வே வேலைக்கு எழுதிப் போட்டாய். கண் சோதனைக்கு மதுரைக்குத் தனியாகப் போய்வந்தாய். நீ திரும்பி வந்த அன்றைக்கென்று பார்த்து மல்லாங்கிணற்றிலிருந்து உன் அத்தையும் வந்திருந்தார். அப்பாவுக்கு மூத்தவர், அவர் வந்து உட்கார்ந்தால் தறிகூடக் கொஞ்சம் அடக்கித்தான் சத்தம் போடும். புள்ளி புள்ளியாகப் படம் போட்ட புத்தகத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் இருக்கிறது என்று டாக்டர் கேட்டதாகச் சொன்னாய். "மத்த பயலுகளுக்கெல்லாம் எண்ணு தெரியுது. எனக்கு வெறும் புள்ளிதான் தெரிஞ்சுது" என்றாய். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க வராத கண். சிக்னல் இருக்கிற வேலைக்கு ஆகாது. உன் அப்பா பக்கத்தில் கிடந்த தார்க் கூடையைக் காலால் தள்ளிவைத்தார். அன்றைக்கு அடித்த அடி அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். அத்தைதான் பேசினார். "நூலு தெரியாதவன் எங்க வம்சத்துல ஒருத்தன் பெறக்கலையே. இது எங்கிட்டு இருந்து வந்துச்சு?" கேள்வியை உன் அப்பாவிடம் கேட்டார், பார்வையை என் மேல் வைத்தார். அவர்கள் இரண்டு தலைமுறைக்கு முன்னால் வெள்ளாமைக் காட்டை விட்டுத் தறிக்கு வந்தவர்கள். திருச்சுழிப் பக்கத்தில் காட்டிலேயே நின்றுவிட்டவர்கள் என் ஆட்கள். சொந்தம் ஒன்றுதான் என்றாலும் தறி வீட்டாருக்குக் காட்டுக்காரர்கள் என்றால் ஒரு இளக்காரம் உண்டு. உப்புக் கூடினாலும் என் ஊர்தான் காரணம், மழை குறைந்தாலும் என் ஊர்தான் காரணம். நான் அடுப்படி வாசலில் நின்று என்ன வரப்போகிறதோ என்று காத்திருந்தேன். நீ தண்ணீர் குடித்த செம்பைக் கீழே வைத்துவிட்டு, "யாரு வழியும் இல்ல அத்தை. சின்னதுல எனக்கு அம்மை போட்டுச்சுல்ல, அப்பக் கண்ணுல எறங்கியிருக்கும்னு டாக்டரு சொன்னாரு" என்றாய். அவ்வளவுதான். அம்மை என்றால் ஆத்தா விளையாட்டு, ஆத்தாளோடு யார் வழக்காடுவது? அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு காப்பி கேட்டார்.

அந்த ஆடிக் கடைசி வெள்ளிக்கு நான் இருக்கன்குடிக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டேன். வெள்ளியில் கண்மலர் வாங்கி மஞ்சள் துணியில் முடிந்துகொண்டேன். "நானும் கூட வாரேன்" என்றாய். செருப்பில்லாமல், தார் உருகுகிற ரோட்டில், கரிசல் புழுதியில் என் கூடவே நடந்தாய். எனக்குக் கால் பொத்துப்போனபோது உன் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டாய். மாரியாத்தாளுக்கு முன்னால் நின்று, என் பிள்ளைக்கு நீ எடுத்த கண்ணைத் திருப்பிக் கொடு தாயே என்று நான் உரக்கவே வேண்டிக்கொண்டேன், நீ பக்கத்தில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாய். ஆத்தா எடுக்கவே இல்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் நின்றாய். செய்யாத குற்றத்துக்குக் கண்மலர் வாங்கிக்கொண்ட அவளும் ஒன்றும் சொல்லவில்லை. இதை நினைத்தால் இப்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, முந்தானையையும் தேடுகிறேன்.

ரயில்வே இல்லை என்று ஆன பிறகு உன் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். கலர் தெரியாதவனுக்குத் தறி வீட்டில் என்ன வேலை, தீபாவளி கழிந்ததும் விருதுநகரில் நம் சொந்தக்காரர் இரும்புக் கடையில் உட்காரட்டும் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆணிக்கு நிறம் கிடையாது, பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தார். உனக்கோ தறியை விட்டுப் போக மனசில்லை. சேலைக்கு நிறம் சேர்ப்பதைப் பற்றி உன் அப்பாவும் வியாபாரிகளும் பேசுகிறபோது, சாப்பாட்டைக் கூட மறந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாய். பசித்தவன் இலைக்கு வெளியே உட்கார்ந்த மாதிரி இருக்கும் எனக்குப் பார்க்க. அந்த ஆவணிப் பொங்கலில் நாடகக் கொட்டகை போட்டிருந்தார்களே, அங்கே நடந்ததை நீ ஓடிவந்து சொன்ன முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் விளக்குக்காரர் பல்புக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடித்தாளைப் பிடித்துப் பிடித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாராம். மேடையில் காயப்போட்டிருந்த இரண்டு சேலை, இதுவரை உனக்கு ஒன்றுபோலத் தெரிந்தவை, அந்த வெளிச்சத்தில் ஒன்று கறுத்துப்போய் ஒன்று வெளுத்து நின்றதாம். "கறுத்தது பச்சைம்மா, வெளுத்தது அரக்கு. விளக்குக்காரர்கிட்ட கேட்டு உறுதி பண்ணிட்டேன்" என்றாய். உன் கையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கண்ணாடித்தாள் துண்டு இருந்தது. முட்டாயைச் சுற்றி வருகிற தாளுக்கு இத்தனை சந்தோஷமா என்று நான் கேட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மதுரை வியாபாரி வந்தார். நம்மிடம் வருஷா வருஷம் சேலை எடுக்கிறவர். கையில் ஒரு வெளிநாட்டு பிஸ்கட் டின் மூடி. மூடி நிறைய ஒரு படம்: ஏரி, மேலே வானம், தூரத்தில் மலை, கரையில் புல், தண்ணீரில் ஒரு படகு. "இந்தப் படத்தைப் பார்த்தா ஒரு குளிர்ச்சி வருதுல்ல, அதே குளிர்ச்சி சேலையில வரணும். இதுல முக்கியமான கலரு அஞ்சை எடுத்துப் போட்டுத் தீபாவளிக்கு நெஞ்சு குடுங்க" என்றார். உன் அப்பா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் அடுக்கிலிருந்து ஐந்து சிட்டம் எடுத்து வைத்தார். அதில் ஒன்று கடுகு மஞ்சள். அவருக்குக் கடுகு மஞ்சள் மேல் அப்படி ஒரு பிரியம். என் கல்யாணச் சேலையிலும் அதுதான், தலையணை உறையிலும் அதுதான். வியாபாரி சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, படத்துல மஞ்சளே இல்லையே. நீங்க உங்க மனசுல இருந்து எடுக்கீக. எனக்கு இந்த மூடியில இருந்து வேணும்." அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. வியாபாரி பந்தல்குடி வரைக்கும் போய்விட்டு ஒரு வாரத்தில் திரும்புவதாகச் சொல்லி மூடியை வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் நீ அப்பா முன்னால் போய் நின்றாய். "அப்பா, இந்த மூடியை எங்கிட்டக் குடுங்க. சரியா வரலைன்னா நான் மறுபேச்சு இல்லாம இரும்புக் கடைக்குப் போறேன்." அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கண்ணு தெரிஞ்ச நானே தப்பிட்டேன்" என்றார். ஆனால் மூடியைக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் நம் வீட்டுப் பின்கட்டில் நடந்த கூத்தை யாரிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை. மூடியின் மேல் வெள்ளை நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிப் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தாய். வெள்ளைத்தாளில் கரித்துண்டால் ஐந்து பட்டை தீட்டினாய், ஒன்றாவது நல்ல கறுப்பு, ஐந்தாவது கிட்டத்தட்ட வெள்ளை. சிவப்புத் தாளைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து ஒரு கட்டத்தைப் பார்ப்பாய். அது எத்தனையாவது பட்டை அளவு வெளுத்திருக்கிறதோ அந்த எண்ணைச் சொல்வாய். அப்புறம் பச்சைத் தாள், அப்புறம் நீலத் தாள். ஒரு கட்டத்துக்கு மூன்று எண். "ரெண்டு, மூணு, அஞ்சு" என்று நீ சொல்ல, நான் தரையில் சாக்கட்டியால் எழுதுவேன். திரும்ப அதே மூன்று எண் வந்தால் அதன் பக்கத்தில் ஒரு புளியங்கொட்டை வைப்பேன். வீட்டிலிருந்த நூல் சிட்டம் ஒவ்வொன்றையும் அதே மாதிரி பார்த்து அதற்கும் மூன்று எண் கொடுத்தாய். "கலருக்குப் பேரு எதுக்கும்மா, எண்ணு போதும். எண்ணு எல்லாருக்கும் ஒண்ணுபோலத்தான் தெரியும்" என்றாய். எனக்குப் பாதி புரிந்தது. சோறு வடிக்க நேரமாகிறது என்பது முழுதாகப் புரிந்தது. ஆனாலும் எழுந்திருக்க மனசில்லை.

கட்டமெல்லாம் முடிந்து, கொட்டை அதிகமாக விழுந்த ஐந்து எண்ணுக்கும் உரிய சிட்டங்களை எடுத்து அடுக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐந்தும் நீலம். ஒரு நூல் கூட, ஒரு நூல் குறைய, அவ்வளவுதான் வித்தியாசம். "ஏய்யா, அஞ்சும் தண்ணியாவுல்ல இருக்கு. சேலையைப் பிழிஞ்சா குடம் நெறஞ்சிரும்." உன் முகம் விழுந்துவிட்டது. படத்தில் பாதிக்கு மேல் ஏரியும் வானமும்தானே, எண்ணினால் அவைதானே ஜெயிக்கும். எனக்கு மனசு கேட்கவில்லை. கல்யாணத்துக்கு அழைக்க வீடு வீடாகப் போய்ப் பாக்கு வைக்கிற வழக்கத்தைச் சொன்னேன். "ஒரு கூரைக்குக் கீழ அஞ்சு அண்ணந்தம்பி இருந்தா அஞ்சு பாக்கா வைக்கிறோம்? வீட்டுக்கு ஒரு பாக்குதான. இந்த நீலம் பூராவும் ஒரே வீடுதான், ஒண்ணுக்கு வையி. மத்த பாக்கை மத்த வீட்டுக்குக் குடு." பேச்சு வாக்கில்தான் சொன்னேன். நீ அப்படியே எழுந்து நின்றுவிட்டாய். மூன்று எண்ணில் ஒன்று மட்டும் ஒரு படி முன்னே பின்னே இருந்தால் அது ஒரே வீடு என்று வைத்துக்கொண்டு, கொட்டைகளை எல்லாம் வீடு வீடாகக் கூட்டிச் சேர்த்தாய். இப்போது ஏரி நீலம் ஒரு வீடு, மலையின் சாம்பல் ஊதா ஒரு வீடு, புல் பச்சை ஒரு வீடு, மேகத்தின் பால் வெள்ளை ஒரு வீடு. நாலு வந்துவிட்டது.

ஐந்தாவதில்தான் சிக்கல். எந்த வீட்டோடும் ஒட்டாமல் ஒரு எண் மூலையில் கிடந்தது. அதன் பக்கத்தில் இருந்த கொட்டையை எண்ண ஒரு கை விரல் அதிகம். "இதைத் தள்ளிரலாமாம்மா?" என்று கேட்டாய். எந்தக் கட்டம் என்று மூடியைப் பார்த்தேன். படகில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், அவள் போர்த்தியிருக்கிற துணி. செக்கச் செவேல் என்று இருந்தது. "ஐயையோ, இதையா தள்ளப் பாத்த? மூடியைப் பாத்தா மொத மொத கண்ணுல விழுறதே இந்தச் செவப்புதான்யா" என்றேன். நீ மூடியை வாங்கி வெகு நேரம் பார்த்தாய். உனக்கு அது புல்லோடு புல்லாக, தண்ணீரோடு தண்ணீராகத்தான் தெரிந்திருக்கும். கண்ணைச் சுருக்கினாய், தள்ளிப் பிடித்தாய், வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தாய். உன்னை அப்படிப் பார்க்க என்னால் முடியவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ தரையில் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். "எத்தனை பேருன்னு மட்டும் பாத்தாப் பத்தாதும்மா. மத்தவங்கள்ட்ட இருந்து எம்புட்டு தள்ளி நிக்குதுன்னும் பாக்கணும். ரெண்டையும் பெருக்கினா இது அஞ்சாவதா வந்துருது" என்றாய். அடுக்கிலிருந்து நீயே தேடி எடுத்த சிட்டத்தை என்னிடம் நீட்டினாய். மிளகாய்ப் பழச் சிவப்பு. எந்தச் சிட்டம் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மாதிரித் துண்டு ஒன்று நெய்யச் சொன்னாய். உடல் ஏரி நீலம், கரையில் ஊதாவும் பச்சையும், முந்தியில் பால் வெள்ளை, கரையின் ஓரத்தில் மட்டும் மயிரிழை போல அந்தச் சிவப்பு. உன் அப்பா அதைத் தெருவுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். "ஏலே, இந்தச் செவப்பை எப்பிடிலே எடுத்த?" "எண்ணுல தனியா நின்னுச்சுப்பா." அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். வியாபாரி வந்து துண்டையும் மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இதுதான் அண்ணாச்சி நான் கேட்ட குளிர்ச்சி" என்றார். யார் எடுத்தது என்று கேட்டபோது உன் அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "எம் மகன்தான்" என்றார். ரெண்டு வார்த்தை. அந்த ரெண்டு வார்த்தைக்காக நான் அந்த வருஷம் பூராவும் அவருக்குக் கடுகு மஞ்சளைக் கிண்டல் செய்யாமல் இருந்தேன். இரும்புக் கடைப் பேச்சு அதோடு நின்றது. அப்புறம் நீ கல்லூரியில் கணக்குப் படித்ததும், அதே வியாபாரி சொல்லி பம்பாய் மில்லில் வேலை கிடைத்ததும் ஊருக்கே தெரியும். போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, ஒரு அறை நிறைய நிற்கிற மிஷினுக்குப் படத்தின் எண்களை எல்லாம் அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுத்தால், நாம் ஒரு வாரம் உட்கார்ந்து செய்ததை அது சற்று நேரத்தில் செய்து ஐந்து நிறத்தைத் துப்பிவிடுகிறது என்று. வீட்டுக்கு ஒரு பாக்கு என்பதை அந்த மிஷினுக்குப் புரிகிற பாஷையில் நீ எழுதிவைத்திருப்பதாகவும், இந்த யோசனை எங்கே படித்தது என்று பெரிய இன்ஜினியர் கேட்டதற்கு எங்கள் அம்மா சொன்னது என்று பதில் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அந்த வரியை உன் அப்பாவை உரக்க வாசிக்கச் சொன்னேன். எனக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் சோதனை வைத்திருந்தார்கள். எனக்கு ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை, போய் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்த டாக்டர் சின்னப் பெண், சிரித்த முகம். சும்மா இருக்காமல் உன்னைப் பற்றிக் கேட்டேன். அம்மை போட்டதால் கலர் தெரியாமல் போன கண்ணுக்கு இந்தக் காலத்தில் வைத்தியம் ஏதும் வந்திருக்கிறதா என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டு, "அம்மையினால இது வராதும்மா. பிறவியிலேயே வர்றது, அம்மா வழியாத்தான் பையனுக்கு வரும். உங்க கண்ணுல அது வெளியில தெரியாது, ஆனா உங்க அப்பாவுக்கு இருந்திருக்கலாம். சோதனை பண்ணின டாக்டர் உங்க பையன்கிட்டச் சொல்லியிருப்பாரே" என்றாள். எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. என் அப்பாவை நீ பார்த்ததில்லை. திருச்சுழிக் காட்டில் எங்களுக்கு மிளகாய்தான். பழம் எடுக்கிற காலத்தில் ஊரே வயலில் நிற்கும், என் அப்பாவை மட்டும் யாரும் இறங்க விடமாட்டார்கள். இறங்கினால் பழத்தையும் காயையும் சேர்த்துப் பறித்துவைப்பார். "மொதலாளி வேலை செஞ்சா நட்டம், வரப்புலயே ஒக்காருங்க" என்று பெண்கள் கேலி பேசுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துகொள்வார். சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு என்று சாகும்வரை பேர் வாங்கிக்கொண்டார். பாவம், அவருக்கே தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் குழம்புக்கு உப்புப் போடக்கூட மறந்தேன். பதினேழு வயதுப் பிள்ளை, வேலை போன துக்கத்தோடு மதுரையிலிருந்து பஸ்ஸில் தனியாக வருகிறான். வருகிற வழியில் அவன் தன்னை நினைத்து அழவில்லை; வீட்டில் அம்மாவை என்ன சொல்வார்களோ என்று நினைத்து ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வருகிறான். இதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. அன்றைக்கு நீ உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் ஒவ்வொரு சறுக்கலுக்கும் நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன், உன் முகத்தை நேராகப் பார்க்கவும் கூசியிருப்பேன். அந்தப் புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் வந்திருக்காது. ஒன்பது வருஷம் என்னைத் தலை நிமிர்ந்து நடக்கவிட்டாய். நன்றி ஐயா. உன்னைப் பெற்றதற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ தெரியவில்லை. சொல்லிவிட்டேன், மனசு லேசாக இருக்கிறது.

ஆனால் நீ தூக்கிய சுமையை நான் இறக்கிவைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. முகூர்த்தச் சேலை பேச அத்தை வந்திருந்தபோது, எல்லாரும் இருக்கிற நேரமாகப் பார்த்து, "மதினி, அன்னைக்குக் கேட்டீகளே, எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு. எங்கிட்ட இருந்துதான். எங்கய்யாவுக்கு இருந்துருக்கு, என் வழியா என் மகனுக்கு வந்துருக்கு. டாக்டரு சொல்லிருச்சு" என்றேன். குரல் நடுங்கவில்லை. அத்தை வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் உட்கார்ந்திருந்தார். உன் அப்பாதான் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அக்கா, அப்ப அந்தக் கணக்குப் போடுற மூளையும் அங்கிட்டு இருந்துதான வந்துருக்கும். நம்ம வம்சத்துலதான் அதுவும் யாருக்கும் இல்லையே." அத்தை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கடுகு மஞ்சளைத் தவிர வேற என்னத்தைக் கண்டான் இவன்" என்று சிரித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவரும் நானும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இனி நான் கேட்க வந்தது. டாக்டர் பெண்ணிடம் திரும்பப் போய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். உன் ஆண்பிள்ளைகளுக்கு உன்னால் இது வராதாம். பெண் பிறந்தால் அவளுக்குத் தெரியாமல் அவளுக்குள் இருக்குமாம், அவள் பெறுகிற பையனுக்கு வரலாமாம். உன் கண்ணைப் பற்றிப் பெண் வீட்டாருக்கு நாம் முதலிலேயே சொல்லிவிட்டோம், அம்மை என்றுதான் சொன்னோம். அந்தப் பொய்யை இனி நீ தூக்க வேண்டாம். தாலி கட்டுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் நீயே உண்மையைச் சொல்லிவிடு. நான் சொல்லலாம், அப்பா சொல்லலாம், ஆனால் உன் வாயால் அவள் கேட்க வேண்டும். என்னைக் காப்பாற்ற மறைத்தாய், அது அந்த வயதுக்குச் சரி. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று எதையும் மறைக்காதே. அதில் எனக்கு ஒரு சின்ன வருத்தமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: ஒன்பது வருஷம் நீ ஒருத்தனாகவே வைத்திருந்தாயே, என்னிடம் மட்டுமாவது சொல்லியிருந்தால் ஆளுக்குப் பாதி தூக்கியிருப்போம். அவளுக்கு அந்தப் பாதியைக் கொடு. நல்ல பெண், தாங்குவாள்.

உனக்கு ஒரு மகள் பிறந்து, அவள் ஒரு பையனைப் பெற்று, அவன் பச்சையை அரக்கு என்று சொல்லி, இது எங்கிட்டு இருந்து வந்துச்சு என்று அந்த வீட்டில் யாராவது அவளைக் கேட்டால், அவள் யோசிக்காமல் என் பேரைச் சொல்லட்டும். எங்க அப்பாவைப் பெத்த ஆத்தாகிட்ட இருந்துன்னு தைரியமாகச் சொல்லட்டும். அன்றைக்கு நான் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

உன் அம்மா